குடியை விடவைப்பது சட்டமா, சத்தியமா?

வேலூர் மாவட்டத்தின் கலெக்டர் அலுவலகம் இன்று சத்துவாச்சாரியில் இருக்கிறது. இது பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் ஒரு பகுதி. மாவட்டம் முழுவதையும் சட்டம் போட்டு "குடிக்காதே" என்று சொல்லிப் பார்த்த வரலாறு இங்கே உண்டு. நோயாளியின் பக்கத்தில் குடும்பத்தையும் உட்காரவைத்து அவரை மீட்கப் பார்த்த வரலாறும் இங்கே உண்டு. ஒழுக்கம், ஆன்மீகம் என்ற சொற்கள் இரண்டிலும் வரும், ஆனால் பொருள் வேறு. அந்த வேறுபாட்டைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

சட்டம்

ராஜாஜி 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை வேலூர் சிறையில் இருந்தார். 1925ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். 1929ல் அங்கிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற இதழை நடத்தினார். அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி.

1937ல் சென்னை மாகாணப் பிரதமரானதும் ராஜாஜி முதலில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1938ல் சித்தூர், கடப்பை மாவட்டங்கள் சேர்ந்தன. 1939ல் வட ஆற்காடு சேர்ந்தது. கள், சாராய வருமானம் போனதை ஈடுகட்ட அதே ஆண்டு விற்பனை வரியும் வந்தது.

அதன் பிறகு சட்டம் வருவதும் போவதுமாக இருந்தது. 1948ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971ல் தளர்வு, 1974ல் மறுபடி தடை, 1981ல் மறுபடி கடைகள். 2003ல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் நிறுவனமே எடுத்துக்கொண்டது. சட்டத்தால் கடையை மூட முடியும். ஆனால் காலையில் கை நடுங்க எழுந்திருப்பவர் அந்த நாளை எப்படிக் கடப்பது என்று சட்டம் சொல்லித் தராது.

சத்தியம்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் பகுதியில் பல சமயத்தவரும் சேர்ந்தே வாழ்கிறார்கள். இஸ்லாம் மதுவை விலக்கி வைத்திருக்கிறது. கிறிஸ்தவ சபைகளில் குடிக்கு எதிரான பிரசங்கம் பழக்கமானதுதான். சபரிமலைக்கு மாலை போட்டவர் விரத நாட்களில் குடியைத் தொடமாட்டார்.

41 நாள் குடிக்காமல் இருந்தவர் மாலையைக் கழற்றியதும் மறுபடி குடிப்பதை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். "பக்தி போதவில்லை" என்று கேலி செய்கிறோம். அந்த 41 நாளில் அவருக்கு என்னவெல்லாம் கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். தினமும் காலையிலும் மாலையிலும் செய்ய ஒரு வேலை இருந்தது. கூடவே விரதம் இருக்கும் ஒரு கூட்டம் இருந்தது. எல்லோரும் அவரை "சாமி" என்று கூப்பிட்டார்கள். மாலையைக் கழற்றிய மறுநாள் இந்த மூன்றும் போய்விடுகின்றன. அவர் பழையபடி "குடிகாரன்" ஆகிவிடுகிறார்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம், சில நேரம் மரணம்கூட நேரலாம். சத்தியம் செய்வதற்கு முன் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

கூட்டம்

1935ல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் பில் வில்சன் என்ற பங்கு வியாபாரியும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் சந்தித்தார்கள். இருவருமே குடிக்கு அடிமையானவர்கள். இன்னொரு குடிநோயாளியோடு மனம் விட்டுப் பேசினால் தன்னால் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று வில்சன் கண்டுகொண்டார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்த கதை இதுதான். 1939ல் 12 படிகள் அச்சில் வந்தன. தோல்வியை ஒத்துக்கொள்வது, தன் குறைகளைக் கணக்கெடுப்பது, புண்படுத்தியவர்களிடம் போய்ச் சரிசெய்வது, அடுத்தவருக்கு உதவுவது எல்லாம் அதில் உண்டு. கடவுள் என்ற சொல்லும் உண்டு. ஆனால் நம்பிக்கை இல்லாத உறுப்பினர்கள் வாதாடியதால், அவரவர் புரிந்துகொண்டபடி என்று அது தளர்த்தப்பட்டது. இந்த அமைப்பு 1957ல் இந்தியாவுக்கு வந்தது.

2020ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் கணக்கில் எடுத்தது. முறையாக நடத்தப்பட்ட 12 படி சிகிச்சை, குடியை முழுதாக நிறுத்துவதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடச் சற்று மேலாக இருந்தது. மற்ற சில அளவுகோல்களில் சமமாகவே இருந்தது. அற்புதம் ஒன்றும் இல்லை, ஆனால் பலன் உண்டு.

குடும்பம்

வேலூர் சி.எம்.சி.யில் மனநல மருத்துவப் பிரிவைத் தொடங்கியவர் கனடா நாட்டு மருத்துவர் ஃப்ளோரன்ஸ் நிக்கல்ஸ். 1950களின் பிற்பகுதியில் பாகாயத்தில் உருவான மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கினார்கள். குணப்படுத்தும் வேலையில் வீட்டுக்காரர்களுக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் அன்றைக்குப் புதுமை.

சென்னையில் டி.டி. ரங்கநாதன் 1979ல் குடிநோயால் இறந்தார். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் 1980ல் அவர் பெயரிலேயே அறக்கட்டளை தொடங்கினார். இன்றைய டி.டி.கே. மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்தது. அங்கே மருந்தோடு கவுன்சிலிங்கும், குடும்பத்தினருக்குத் தனிப் பயிற்சியும் உண்டு. 1989ல் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டு, ஊர் மக்களையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார்கள்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கவுன்சிலிங்கில் ஆன்மீகத்தின் வேலை என்ன என்று புரியும். நல்ல கவுன்சிலர் நோயாளிக்குப் பிரசங்கம் செய்வதில்லை. அவமானம் அவருக்கு ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறது. "உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேட்கிறார். பதில் அல்லாவாக இருக்கலாம், ஐயப்பனாக இருக்கலாம், மகளின் பள்ளிக்கூட ஃபீஸாகவும் இருக்கலாம். பிடித்துக்கொள்ள அதுவே கயிறு. அந்தக் கயிற்றின் மறுமுனையைக் குடும்பமும் கூட்டமும் பிடித்திருக்க வேண்டும். 42ஆம் நாளும் அவரை மரியாதையோடு கூப்பிட நாலு பேர் வேண்டும்.