போர் என்றொரு சொல்

திருச்செங்கோட்டு டீக்கடையில் 'போர்' என்றால் யாரும் யுத்தத்தை நினைப்பதில்லை. ஆழ்துளைக் கிணறுதான். நாமக்கல் லாரிப் பட்டறையில் அதுவே எஞ்சின் சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்துவது: 'ரீபோர் பண்ணணும்'. கல்லூரிப் பையனுக்கு வகுப்பு போரடிக்கிறது. சலிப்பும் துளையும் ஒரே சொல்தானா என்பதில் ஆங்கில அகராதிக்காரர்களுக்கே உறுதியில்லை. அது கிடக்கட்டும். இங்கே இச்சொல் எதை அப்புறப்படுத்திவிட்டு வந்து உட்கார்ந்தது என்பதுதான் கேள்வி.

கிணற்றைச் சுற்றி ஒரு மொழியே இருந்தது: கவலை, சால், வடம், முறைத் தண்ணி, கிணத்துப் பங்கு. பங்காளிக்கு இத்தனை நாள் இறைப்பு என்று பத்திரத்திலேயே எழுதினார்கள். வெட்டுக்குத்தும் அதிலேதான். போர் வந்ததும் அந்தப் பேச்சு பெரும்பாலும் ஒழிந்தது. ஆளுக்கொரு ஆறரை அங்குலத் துளை.

1960களின் இறுதியில் யுனிசெஃப் வறட்சி நிவாரணமாகக் கொண்டுவந்த காற்றழுத்த எந்திரங்கள் கருங்கல்லைச் சில மணி நேரத்தில் துளைத்துக் காட்டின. பிற்பாடு திருச்செங்கோடு ரிக் வண்டிகளின் ஊரானது. அவ்வண்டிகள் ராஜஸ்தான் வரை, ஆப்பிரிக்கா வரை போயின. 1990இல் விவசாயிகள் எல்லோருக்கும் இலவச மின்சாரம். முந்நூறடி ஆயிரம் அடியானது. ஆயிரம் அடிக்குக் காசுள்ளவன் போட்டால் பக்கத்துக் காட்டுக் கிணறு வற்றும். இதைக் கட்டுப்படுத்த 2003இல் வந்த தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் 2013இல் ரத்தாயிற்று.

இதற்காகக் கிணற்றை நினைத்து யாரும் உருக வேண்டாம். பங்கு என்பது நிலமுள்ளவனின் பங்கு. வெடிவைத்துக் கிணறு வெட்டிய போயருக்கு அதில் பங்கில்லை. சாலின் தோலைத் தைத்தது அருந்ததியர் கை. அந்தத் தோல்வழி வந்த தண்ணீர் தீட்டில்லை, தைத்த கை கிணற்றில் பட்டால் தீட்டு! நமது 'கூட்டு வாழ்வு' கதையாடல்களில் இந்தத் தோல் வருவதே இல்லை. யாராவது ஊற்றுவார்களா என்று கிணற்றடியில் குடத்தோடு ஒதுங்கி நின்றது, தெருவுக்குள் 'போரிங்' பைப்பு வந்த பிறகே பல ஊர்களில் ஓய்ந்தது. ஊர்க் கிணற்றைச் சாதியிடமிருந்து நாம் மீட்கவில்லை. அதை விட்டுவிட்டுத் துளை போட்டுக்கொண்டோம்.

'ஆழ்துளைக் கிணறு' அரசாங்கத் தமிழ். குழந்தை விழுந்தால் பத்திரிகைக்கு அந்தச் சொல் வேண்டும். 2019இல் மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது, கைவிட்ட துளைகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. காட்டுக்காரர் பாஷையில் அது 'புகை'. தண்ணீர் வராமல் கல்தூசி மட்டும் பறந்தால், 'புகைதானுங்க வந்துச்சு' என்பார். கடனில் கொஞ்சமாவது தேறட்டும் என்று கேசிங் பைப்பை உருவி விற்றுவிடுவார். வாய் திறந்து கிடக்கும்.