வயற்காட்டுச் சாப்பாடும் வகுப்பறை நாற்காலியும்

"வாத்தியார் வேலைக்கு என்ன சார், நிழலில் உட்கார்ந்து சம்பளம்!" என்று நம் தஞ்சைப் பக்கம் சொல்வதுண்டு. அந்த உட்காருதலே வியாதிக்குக் காரணமாகும் என்று உலகம் கண்டுகொண்ட கதை சுவையானது.

சுசுருத சம்ஹிதை நீரிழிவுக்காரரை நெடுந்தூரம் நடக்கச் சொல்கிறது. கிணறு வெட்டவும் சொல்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) தஞ்சையில் தன்வந்திரி மகால் அமைத்து மருத்துவம் வளர்த்தார். அவர் பெயரால் வழங்கும் சரபேந்திர வைத்திய முறைகளில் நீரிழிவுக்கும் இடம் உண்டு. ஐரோப்பாவில், இத்தாலியப் பேராசிரியர் ரமஸ்ஸினி 1700-இல் தொழில்வாரியாக நோய்களை எழுதியபோது, உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களையும் படிப்பாளிகளையும் விட்டுவைக்கவில்லை.

இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் லண்டன் டாக்டர் ஜெர்ரி மாரிஸ். அவர் எடுத்துக்கொண்டது அந்த ஊர் மாடி பஸ்களை. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். இருவருக்கும் ஒரே பஸ்தான். ஆனால் இருதய நோய் கண்டக்டர்களுக்குக் குறைவு! ஆய்வு 1953-இல் வெளியானது. நடந்து தபால் கொடுப்பவருக்கும் மேஜை குமாஸ்தாவுக்கும் இடையிலும் இதே வித்தியாசம் தெரிந்தது.

அடுத்தது நம்மைப் போன்ற பழைய மாணவர்களின் கதை. 1916 முதல் 1950 வரை ஹார்வர்டில் சேர்ந்த சுமார் 17,000 பேருக்கு டாக்டர் பாஃபென்பார்கர் கேள்வித்தாள் அனுப்பினார். முடிவு 1978-இல் வந்தது. வாரத்துக்கு 2,000 கலோரிக்குக் குறைவாக உடலுழைப்பில் செலவழித்தவர்களுக்கு மாரடைப்பு அபாயம் 64 சதவீதம் அதிகம். படிக்கும் காலத்தில் விளையாட்டு வீரராக இருந்து பிறகு விட்டுவிட்டவருக்கு அந்தப் பழைய ஆட்டம் கைகொடுக்கவில்லை. அன்று ஆடாமல் பின்னால் ஆரம்பித்தவருக்குப் பலன் கிடைத்தது. நாம் வாங்கிய கப்பெல்லாம் ஷோகேஸுக்குத்தான் அழகு. இருதயம் இன்றைய நடையைத்தான் எண்ணும்!

நம் டெல்டாவின் சிக்கல் இன்னும் கூடுதல். நம் ஆசிரியர்களில் பலர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். சாப்பாடு இன்னும் வயற்காட்டுக் கணக்கு, உழைப்போ நாற்காலிக் கணக்கு. என்ஜினீயர் பாஷையில் சொன்னால், உள்ளே போவது குறையவில்லை, வெளியே வருவது குறைந்துவிட்டது. பாடம் முடிந்தால் விடைத்தாள். அது முடிந்தால் கம்ப்யூட்டர். வீட்டுக்குப் போக வண்டி. "நடக்க நேரம் எங்கே தம்பி இருக்கு?" என்பார்கள்.

தமிழ்நாடு உட்பட 4 பகுதிகளில் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. அதில் பாதிக்கு மேற்பட்டோர், 54.4 சதவீதம் பேர், போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். 2023-இல் வந்த கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு.

ஆறுதலான செய்தியும் நம் சென்னையிலிருந்தே வந்தது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சுமார் 3 ஆண்டுகள் கவனித்தார்கள். நடை, உணவுக் கட்டுப்பாடு என்று மாறியவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது என்று 2006-இல் எழுதினார்கள்.

உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடம். தினம் அரைமணி, 5 நாள். நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஓய்வுக்குப் பின்னும் நோயின்றி இருக்க வேண்டாமா? ஒவ்வொரு சங்கமத்திலும் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். இனி கல்லூரி மைதானத்தில் ஒரு நடைபாதையும் போட்டுக் கொடுப்போம். மாணவர்களே, சாயங்காலம் உங்கள் சாரையும் மேடத்தையும் கூப்பிட்டுக்கொண்டு நடங்கள். சந்தேகங்களையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்!