யாழ்ப்பாணத்து வேலியடைப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒரு குடும்பத்தின் நிலைமையை அறிய விரும்பியவர் முற்காலத்தில் அவ்வீட்டினுள்ளே புகவேண்டியதில்லை. ஒழுங்கையில் நின்று வேலியைப் பார்த்தாலே போதுமானது. ஓலை புதிதாய், வரிச்சு நேராய், தலைப்பு மட்டமாய் வெட்டப்பட்டு நிற்கும் வேலி, அவ்வீட்டிலே அண்மையில் ஒரு கலியாணம் நடந்தது, அல்லது நடக்கப்போகின்றது என்று கூறும். ஓலை உக்கி, நாய் புகுந்த துவாரம் அடைபடாது கிடக்கும் வேலியோ, வீட்டுக்காரர் கொழும்பிலோ மலாயாவிலோ இருக்கின்றார், அல்லது கையிலே பணமில்லை, அல்லது அயலவரோடு வழக்குப் பேசுகின்றார் என்று கூறிவிடும். வீட்டைத் திருத்துதல் என்னும் கருமம் அந்நாட்டில் ஆண்டுதோறும் வேலியிலேயே தொடங்கிற்று.

இத்துணை வேலி ஏன் வேண்டியிருந்தது என்பதற்குக் காரணத்தை நிலத்திலும் வழமையிலும் தேடவேண்டும். குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் மெல்லிய மண் படிந்த நிலம். ஆறு கிடையாது. கிணற்று நீரை இறைத்துச் சிறு காணியிலே நெருக்கமாகப் பயிரிட்டு வாழ்ந்த மக்களுக்கு, ஆடு மாடுகளிடமிருந்து பயிரைக் காப்பது முதற்கடனாயிற்று. அதற்குமேல் சீதன வழக்கம் ஒன்று இருந்தது. வளவு பெண்மக்களுக்குப் பிரிந்து செல்ல, ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காயின. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று கணக்கிடும் அந்நாட்டிலே, இரண்டு பரப்பும் மூன்று பரப்புமான குடியிருப்பு வளவுகள் மலிந்தன. சதுரமான ஒரு காணியை நான்காய்ப் பிரித்தால், பழைய சுற்றுவேலியின் நீளத்திற் பாதியளவு புதுவேலி உள்ளே வேண்டியிருக்கும். காணி சிறுக்குந்தோறும் வேலி பெருகிய கதை இதுவே.

1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், காணிகளைத் தோம்புகளிற் பதிந்ததோடு, 1707 இல் நாட்டு வழமைகளையும் எழுத்தில் தொகுப்பித்தனர். திசாவையாய் இருந்த கிளாஸ் ஈசாக்ஸ் என்பவர் தொகுத்த அதுவே தேசவழமை. சீதனமும் முதுசமும் தேடிய தேட்டமும் அதிலே வகுத்துரைக்கப்பட்டன. காணி விற்பனைக்கு வரும்போது உரித்தாளருக்கும் பங்காளருக்கும் மட்டுமன்றி, அக்காணியை ஈடுபிடித்திருந்த அயற்காணிக்காரருக்கும் அதை முன்வாங்கும் உரிமை அவ்வழமையிலே கூறப்பட்டது. வேலிக்கு அப்பால் இருந்தவர் சட்டத்தின் கண்ணிலும் வெறும் அந்நியர் அல்லர் என்பதற்கு இது சான்று.

வேலியின் எலும்பு கதியால். கிளுவை, பூவரசு, முள்முருக்கு முதலிய மரங்களின் கொம்புகளை மாரி தொடங்கும் காலத்தில் வரிசையாய் நட்டால் அவை வேர்விட்டுத் தழைக்கும். அமெரிக்காவின் வெப்பநாடுகளுக்குரிய சீமைக்கிளுவை பிற்காலத்தில் வந்து இவ்வரிசையிலே சேர்ந்துகொண்டது. கதியாலின்மேற் சாத்தும் பொருளுக்கேற்ப வேலியின் பெயர் மாறும். பனையோலை வேலி, கிடுகு வேலி, மட்டை வேலி என்பன வளவுக்கும் வீதிப் பக்கத்துக்கும் உரியவை. காய்ந்த சுள்ளிகளை நெருக்கிக் கட்டிய அலம்பல் வேலி தோட்டத்துக்குப் போதும். மண்ணினும் கல்லே மிகுந்த நெடுந்தீவிலோ வழக்கம் வேறு. அங்கே பவளக் கற்களைச் சாந்து இல்லாமலே அடுக்கி எழுப்பிய வேலிகளை இன்றும் காணலாம்.

வேலியடைப்பு ஒருநாள் வேலைபோலத் தோன்றினும், அதற்குரிய ஆயத்தம் பல கிழமைக்கு முன்னரே தொடங்கிவிடும். கோடையிலே பனையோலையை வெட்டுவித்து, வளவின் ஒரு மூலையில் வட்டமாய் அடுக்கி, மிதித்து, மேலே பாரம் ஏற்றி வைப்பர். சில நாளில் ஓலை தட்டையாய்ப் படிந்துவிடும். கிடுகு வேண்டுவோர் தென்னோலையை நடுநரம்போடு இரண்டாய்க் கிழித்து, நீரில் ஊறவிட்டு, பின்னியெடுத்து உலர்த்துவர். தென்னை மிகுந்த தென்மராட்சிப் பகுதியிலும் பளைப் பகுதியிலும் கிடுகு பின்னுதல் பல குடும்பங்களுக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, கைச்செலவுக்கு உதவும் தொழிலாயும் இருந்தது.

அடைப்பு நாளன்று விடியும்போதே பழைய ஓலை அவிழ்க்கப்படும். அது குப்பையாய்ப் போவதில்லை. தோட்டத்து மண்ணிலே அதைத் தாழ்த்துவர். இரண்டு ஆண்டு வெயிலும் மழையும் கண்ட ஓலையே அடுத்த போகத்துக்கு உரமாகும். கதியாலிலிருந்து வெட்டிய குழை ஆட்டுக்குப் போகும்; எஞ்சியது அதுவும் உரமே. பட்டுப்போன கதியாலின் இடத்துக்கு எது நடவேண்டும் என்று குறித்துக்கொள்வர். அதன்பின் ஓலையைச் சாத்தி, இருபுறமும் வரிச்சுப் பிடித்து, கட்டத் தொடங்குவர். இந்தக் கட்டு ஒருவராற் கூடாதது. வேலிக்கு வெளியே ஒருவரும் உள்ளே ஒருவரும் நிற்கவேண்டும். வெளியே தகப்பன் குத்தூசியை ஓலைக்குள் செலுத்துவான். உள்ளே நிற்கும் சிறுவன் ஊசிக் கண்ணில் நாரையோ கயிற்றையோ கோத்துவிடுவான். ஊசி திரும்பிப் போகும். மறுபடியும் வரிச்சுக்குக் கீழே முளைக்கும். ஒருவரையொருவர் காணாமல், "விடு", "இழு" என்னும் இரு சொற்களாலேயே நாள் முழுவதும் அவ்விருவரும் பேசிக்கொள்வர். உள்ளே நிற்பவனுக்கு வேலை சிறிது, கவனம் பெரிது. கவனம் தப்பினால் ஊசி கையிலே ஏறும். மகன் வெளிப்பக்கத்துக்கு மாறிக் குத்தூசியைத் தன் கையில் வாங்கும் ஆண்டு, அவன் வளர்ந்துவிட்டான் என்பதற்கு வீட்டார் கண்ட அடையாளங்களுள் ஒன்று.

மத்தியானம் கூழோ கஞ்சியோ எல்லோருக்கும் பொதுவாய்க் காய்ச்சப்படும். வெட்டித் தள்ளிய ஓலைத் துண்டுகளை எடுத்துப் பிள்ளைகள் காற்றாடியும் பந்தும் செய்வர். ஈர்க்கைப் பொறுக்கி, வாடைக்காற்றுக் காலத்துப் பட்டத்துக்கென்று ஒளித்து வைப்பாரும் உண்டு. பெண்களின் ஓலை வேறு. குருத்தை அடுத்து விரியும் சார்வோலையை வார்ந்து, பின்னேரப் பொழுதிலே திண்ணையிலிருந்து அவர்கள் இழைத்த கொட்டப்பெட்டியும் நீற்றுப்பெட்டியும் சுளகும் பாயும் வீட்டுத் தேவைக்கும் உதவின. சாயமிட்ட ஓலையால் வேலைப்பாடு செய்து உறவினருக்குக் கொடுக்கும் பொருளாயும் விளங்கின. 1850 இல் பனையைப்பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்ட வில்லியம் பேர்குசன், பனையின் 801 பயன்களைக் கூறும் தமிழ்ச் செய்யுளாகிய தாலவிலாசத்தைத் தம் நூலிலே எடுத்துக்காட்டுகின்றார். இவற்றுள் எது தொழில், எது பொழுதுபோக்கு என்று அக்காலத்து ஒரு பாட்டியிடம் கேட்டிருந்தால், கேள்வியே அவருக்கு விளங்கியிராது.

வேலி ஆளுயரத்துக்குமேல் நின்று மறைத்தது உண்மை. அதனாலேயே பிற்காலத்து விமரிசகர் சிலர் யாழ்ப்பாணத்தாரின் ஒதுக்கமனப்பான்மையைக் குறிக்கக் கிடுகுவேலிப் பண்பாடு என்னும் தொடரை ஆண்டனர். அதிலே நியாயம் உண்டு. ஆயினும் அவர்கள் பொட்டை மறந்துவிட்டனர். அடுத்தடுத்த இரு வளவுகளுக்கிடையே வேலியின் ஒரு மூலையிலே ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய இடைவெளி விடப்பட்டிருக்கும். அதுவே பொட்டு. படலை வழியாய் வருபவர் விருந்தாளி. பொட்டு வழியாய் வருபவர் வீட்டார் போன்றவர். அடுப்பு மூட்ட ஒரு தணல், ஒரு சிறங்கை உப்பு, ஒரு கோப்பை கறி, பிரசவ வலி கண்ட செய்தி, எல்லாம் அவ்வழியாகவே போய்வந்தன. வீதிக்கு வராத பெண்களின் ஊர் அந்தப் பொட்டுக்களாலே இணைக்கப்பட்ட ஊர். இரு வீட்டாருக்கும் பிணக்கு உண்டானால் முதலில் அடைபடுவதும் பொட்டே. வாய்ப்பேச்சுத் தேவையில்லை, இரண்டு மட்டையை வைத்துக் கட்டிவிட்டால் ஊருக்கு விளங்கும். வழிப்போக்கருக்கோ வேறோர் ஏற்பாடு இருந்தது. வாயிலின்மேல் சிறு கூரை வேய்ந்து, இருக்கத் திண்ணையும் குடிக்கத் தண்ணீரும் வைத்த சங்கடப்படலை, வேலியை எழுப்பிய அதே மக்களின் கைவேலைதான்.

எனினும் வேலி வளர்த்த வழக்குகள் கொஞ்சமல்ல. இதற்குக் கதியாலின் இயல்பே காரணம். கல்லைப்போல அது நட்ட இடத்தில் நிற்பதன்று. பருத்து ஒருபுறம் சாயும், பட்டுப்போகும். பட்டதற்குப் பதிலாய் நடுபவன் அதே குழியில் நடாமல் சற்றே அப்பால் நட்டால், அந்த ஆண்டில் எவர் கண்ணுக்கும் தெரியாது. பத்து ஆண்டில் ஒரு சாண் நகர்ந்துவிடும். ஒரு சாண் நிலத்துக்காக நீதிமன்றம் ஏறி, அந்நிலத்தின் பெறுமதியைப் பன்மடங்கு கடக்கும் பணத்தைச் செலவிட்ட குடும்பங்களைப்பற்றி யாழ்ப்பாணத்தார் தம்மைத் தாமே கேலிசெய்வது வழக்கம். கேலி செய்தவரும் தம் வேலி அடைபடும் நாளில் நூல்பிடித்துப் பார்க்கத் தவறியதில்லை. அடைப்பு நாளில் அயல்வீட்டுக்காரர் தற்செயலாய் வந்து நிற்பதுபோல் வேலியோரம் வந்து நின்றதும் இதனாலேயே.

இங்கே மறைக்கலாகாத ஒன்று உண்டு. எல்லா வீட்டிலும் தகப்பனும் மகனுமே வேலி அடைத்தனர் என்று கொள்வது தவறு. வசதியுள்ள வீடுகளிலே பனையேறி ஓலை வெட்டியவரும், ஓலையைச் சுமந்தவரும், வேலி கட்டியவரும் தாழ்த்தப்பட்ட குலத்துக் கூலியாட்கள். நாள் முழுவதும் உழைத்து அவர்கள் காத்துக்கொடுத்த வளவிலே, வீட்டுத் திண்ணையில் இருக்க அவர்களுக்கு இடம் இல்லை. கிணற்றிலே தாமே அள்ளிக் குடிக்க உரிமை இல்லை. தண்ணீரும் கஞ்சியும் சிரட்டையிலும் ஓலைப் பிளாவிலும் வார்க்கப்பட்டன. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொதுவிடங்களில் இத்தகைய வேற்றுமை காட்டுதலைக் குற்றமாக்கிற்று. வீட்டு வளவுக்குள்ளே அச்சட்டத்தின் கை நீளவில்லை. அங்கே மாற்றம் வந்தது, உழைத்தவரின் போராட்டத்தாலும், அவர்தம் பிள்ளைகளின் கல்வியாலும், கூலியாட்கள் முன்போலக் கிடையாமற் போனதாலுமே.

வேலிக்குள்ளே இருந்த வீட்டின் வரலாற்றை அதன் சொற்களே கூறும். முன்னே முற்றம், உள்ளே தலைவாசல், திண்ணை என்பன தமிழ்ச் சொற்கள். விறாந்தை, சன்னல், குசினி, அலுமாரி, கதிரை, மேசை, வாங்கு என்பன போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. மேசையின் லாச்சி ஒல்லாந்தருடையது. ஆள வந்தவர் போனபின்னும் அவர் இருந்த கதிரை வீட்டிலே தங்கிவிட்டது. கூரை மட்டும் நெடுங்காலம் ஓலையாகவே இருந்தது. 1865 இல் பாசல் மிசனார் மங்களூரிலே தொடங்கிய ஓட்டுத் தொழில் மேற்குக் கரையெங்கும் பரவிய பின்னர், கள்ளிக்கோட்டை ஓடு எனப் பெயர்பெற்ற தட்டையோடு இலங்கைக்கும் வந்தது. மலாயாவின் புகைவண்டிப் பகுதியிலும் பிற கந்தோர்களிலும் உழைத்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர்கள் ஓட்டு வீடு கட்டினர். ஆயினும் ஓட்டு வீட்டைச் சுற்றியும் ஓலை வேலியே நின்றது. கூரையை மாற்ற ஒரு தலைமுறை உழைப்புப் போதுமாயிருந்தது. வேலியை மாற்றச் சீமெந்து மலிய வேண்டியிருந்தது.

1950 இல் காங்கேசன்துறையிலே சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபின் மதில்கள் எழலாயின. மதிலுக்கு ஆண்டுதோறும் ஓலை வேண்டாம், குத்தூசி வேண்டாம், உள்ளே ஒரு சிறுவன் நிற்கவும் வேண்டாம். எல்லைச் சண்டையும் ஒருவாறு ஓய்ந்தது. அவ்வகையிலே மதில் நன்மையே செய்தது. பொட்டு மட்டும் மதிலில் வைக்கப்படவில்லை. கறிக் கோப்பை இனிப் படலையைச் சுற்றி வீதிவழியே போகவேண்டியதாயிற்று. போகப்போக அது குறைந்தது. தோட்டத்துக்கு ஓலை உரம் இல்லாதுபோக, கடையுரம் அவ்விடத்தைப் பிடித்தது.

பின்னர் வந்த போர் வேலியையும் மதிலையும் ஒன்றாகவே அழித்தது. காப்பரணுக்கும் பதுங்குகுழிக்குமாகப் பனைகள் பெருந்தொகையாய்த் தறிக்கப்பட்டன. 1990 இல் சீமெந்துத் தொழிற்சாலை நின்றது. அவ்வாண்டிலேயே வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே வெறுமையாயிற்று. போர் 2009 இல் முடிந்தபின் வெளிநாட்டு உறவினரின் பணத்தால் முன்னிலும் உயர்ந்த மதில்கள் பல ஊர்களில் எழுந்தன. பணமில்லாதார் தகரம் அடித்தனர். ஆனால் வலிகாமம் வடக்கிலே உயர்பாதுகாப்பு வலயமாயிருந்த காணிகள் படிப்படியாய் விடுவிக்கப்பட்டபோது, இருபது ஆண்டும் அதற்கு மேலும் கழிந்து தம் வளவைத் தேடிச்சென்ற பலருக்கு எதிரே நின்றது பற்றைக்காடு. ஒழுங்கை இல்லை, வேலி இல்லை, வீடும் பல இடங்களில் இல்லை. உறுதியிலே எழுதப்பட்ட வடக்கெல்லையையும் கிழக்கெல்லையையும் மண்ணிலே காட்ட முதியவர்களை அழைத்துவர வேண்டியிருந்தது. அவர்கள் முதலிலே தேடியது கிணற்றை. அதன்பின் பழைய மரங்களை. கிணற்றுக்கட்டிலிருந்து காலடியால் அளந்து, இங்கேதான் வேலி என்று நிற்பார் ஒருவர். இன்னும் இரண்டடி அப்பால் என்பார் அயல் வளவுக்காரர். பழைய வழக்கு மீண்டும் தொடங்குமோ என்று இளையோர் அஞ்சியபோதிலும், அயலவரை மறுபடியும் கண்டதிலே மகிழ்ந்து இரண்டடியை விட்டுக்கொடுத்தவரும் உண்டு. நிலஅளவையாளர் வருமுன்னரே தடி நட்டுக் கயிறு இழுத்து எல்லை காட்டினர். தகரம் வாங்க இயன்றவர் தகரம் வாங்கினர். மற்றவர் கதியால் நட மாரியை எதிர்பார்த்திருந்தனர்.