அட்டவணைக்கு வெளியே ஒரு பேச்சு

கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வு என்றாலே நம்மவர்களுக்கு ஒரு பிரமிப்பு. 1894இல் தொடங்கி 1928இல் முடிந்த வேலை. 179 மொழிகள், 544 கிளைமொழிகள். ஆனால் சென்னை மாகாணம் அதன் எல்லைக்குள் வரவேயில்லை. 1906இல் வெளிவந்த நான்காம் தொகுதியில், ஸ்டென் கோனோவ் எழுதிய திராவிடப் பகுதியில், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. தெற்கே அலைந்து திரிகிறவர்களின் பேச்சைப் பதிவுசெய்ய வேறு யாராவது வரவேண்டியிருந்தது.

வந்தது எங்கள் செட்டிநாட்டுக் காசு. கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியாரின் பெயரில் 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் எழுந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கு விட்டுப் பெருகிய நகரத்தார் பணம் மொழி ஆய்வாகவும் மாறியது என்பதை இங்கே யாரும் பேசக் காணோம். தேக்குத் தூண், ஆச்சி கைப்பக்குவம், அதோடு பேச்சு முடிந்துவிடும். கோண்டி மொழிக்கு பி.எஸ். சுப்பிரமணியம் எழுதிய இலக்கணம் 1968இலும், வாக்ரி போலி பற்றி ஜி. சீனிவாச வர்மா எழுதிய நூல் 1970இலும் அங்கிருந்துதான் வெளிவந்தன.

வாக்ரி போலி யாருடையது? பஸ் ஸ்டாண்டிலும் பிள்ளையார்பட்டி கோயில் வாசலிலும் பாசிமணி விற்கிறவர்களை நாம் நரிக்குறவர் என்கிறோம். அவர்கள் தங்களை வாக்ரி என்கிறார்கள். போலி என்றால் பேச்சு. தமிழ்க் காதில் அது வேறு மாதிரி விழுந்து தொலைக்கிறது. குஜராத்தி, மராத்தி, ராஜஸ்தானிக்கு உறவான இந்தோ-ஆரிய மொழி இது. நமக்கோ, 'என்னமோ பேசிக்கிறாங்க' என்பதோடு சரி. தமிழ்த்தாய்க்குக் கோயில் கட்டிய ஊர்க்காரர்கள் நாம்.

வர்மாவின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது இல்லையென்றால் கையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் அந்த நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. யாருக்காக எழுதப்பட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பேசுகிறவர் மொழியியலின் கண்ணுக்குத் 'தகவலாளி' ஆகிறார்; ஒலியனும் உருபனும் பிரித்தெடுக்கப்பட்டபின் அவருக்கு அந்தப் பக்கங்களில் வேலையில்லை.

அரசின் கணக்கு இதைவிட மோசம். 1961 கணக்கெடுப்பு 1652 தாய்மொழிகளைப் பட்டியலிட்டது. 1971இல் 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளைத் தனியே காட்டுவதை நிறுத்தினார்கள். மொழிகள் செத்துப்போகவில்லை, 'மற்றவை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போட்டு மூடினார்கள், அவ்வளவுதான். 2011இல் மக்கள் சொன்ன பெயர்கள் 19,569. சலித்தபின் 1369, கடைசியில் 121 மொழிகள். இதில் மதுரையிலும் பரமக்குடியிலும் வாழும் சௌராஷ்டிரம், தனி எழுத்து இருந்தும், குஜராத்தியின் கீழே ஒரு வரி. கணேஷ் தேவி 2010இல் தொடங்கிய மக்கள் மொழி அளவாய்வு 780 மொழிகளைக் கண்டதாகச் சொன்னது. எண்ணுகிறவர் யார் என்பதைப் பொறுத்து நாடே வேறாகிவிடுகிறது.

1938இலும் 1965இலும் தெருவில் இறங்கிய நாம், தாய்மொழி உரிமை என்று முழங்கினோம். அந்த முழக்கத்தில் வாக்ரிப் பிள்ளைக்குப் பங்குண்டா? 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தது. நீண்ட போராட்டத்தின் பலன். சாதிச் சான்றிதழோடு அந்தப் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் உட்காரும்போது டீச்சர் பேசுவது தமிழ், வீட்டில் பேசியது வாக்ரி. தாய்மொழிவழிக் கல்விக்குச் சட்டத்தில் பிரிவு இருந்தும் இந்த இடைவெளி அப்படியே இருக்கிறது.

வர்மாவின் நூலிலிருந்து சொற்களை எடுத்து, தமிழ் எழுத்தில் போட்டு, வாக்ரிகளே உட்கார்ந்து திருத்தி ஒரு சிறு பிரசுரம் கொண்டுவரலாம். சிறுபத்திரிகை நடத்துகிற நமக்கு அச்சுக்கூலி ஒன்றும் புதிதல்ல. முதலில் அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும், இது வேணுமா என்று.