விசிறி நின்ற கதை

வீட்டு ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கணினி. வீட்டில் உள்ள படங்கள், பாட்டுகள், கல்யாண வீடியோக்கள் எல்லாம் அதற்குள். இரவு பகல் பாராமல் ஓடிக்கொண்டே இருக்கும். எந்த அறையிலிருந்து யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும். இதைத்தான் மீடியா சர்வர் என்கிறார்கள். இதை வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது ப்ராசஸர் வேகத்தையும் ஹார்ட் டிஸ்க் அளவையும்தான். வாங்கி ஒரு வாரம் ஆன பிறகுதான் விசிறிச் சத்தம் காதில் விழ ஆரம்பிக்கும். படத்தில் எல்லோரும் மௌனமாக நிற்கும் காட்சியில் அந்த டப்பா மட்டும் பேசிக்கொண்டிருக்கும்!

இந்தச் சத்தத்தை ஒழிக்கக் கணினி உலகம் முப்பது வருடங்களுக்கு மேல் போராடியிருக்கிறது. அந்தக் கதை தெரிந்தால் எந்தப் பெட்டியை வாங்கலாம் என்பது தானாகவே புரிந்துவிடும்.

கதை 1980-ல் தொடங்குகிறது. அந்த வருடம் ஆப்பிள் நிறுவனம் 'ஆப்பிள் III' கணினியை வெளியிட்டது. அதில் விசிறியே கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதமாக இருந்தார். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் உள்ளே இருந்த பாகங்கள் சூடாகிச் சூடாகி, சில்லுகள் தங்கள் இடத்தை விட்டு நழுவின. கணினியைச் சில அங்குலம் தூக்கி மேஜை மேல் 'தொப்'பென்று போட்டால் சில்லுகள் மறுபடி உட்கார்ந்துகொள்ளும் என்று வாடிக்கையாளர்களுக்கு வைத்தியம் சொன்ன கதை இன்றும் பிரபலம். 1984-ல் அது ஓரம் கட்டப்பட்டது.

2000-ல் அதே ஆப்பிள், அதே ஜாப்ஸ், மறுபடி ஒரு முயற்சி. பவர் மேக் ஜி4 க்யூப். எட்டு அங்குலக் கனசதுரம், விசிறி கிடையாது, சூடான காற்று மேல்பக்கமாகத் தானே வெளியேறும். இந்த முறை கணினி ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் ஆரம்ப விலை 1,799 டாலர். வாங்க ஆள் இல்லை. 2001 ஜூலையில் தயாரிப்பு நின்றது.

மற்ற கம்பெனிகள் அப்போது எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தன. வேகம், வேகம், இன்னும் வேகம்! 2004 கடைசியில் வந்த 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ன் வெப்ப அளவு 115 வாட். ஒரு 100 வாட் குண்டு பல்பைப் பெட்டிக்குள் வைத்து மூடியது போலத்தான். ஒரு கணினி இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியே தள்ளத்தான் விசிறி. வெப்பம் கூடினால் விசிறி வேகமாகச் சுற்றும், சத்தமும் கூடும். 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொல்லியிருந்த இன்டெல், அதே 2004-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

இந்தக் கூட்டத்தில் சேராத ஒருவர் தைவானில் இருந்தார். வியா என்ற நிறுவனம் 2001-ல் மினி ஐ.டி.எக்ஸ். என்ற சின்ன மதர்போர்டை அறிமுகப்படுத்தியது. 17 சென்டிமீட்டருக்கு 17 சென்டிமீட்டர், அவ்வளவுதான். அதன் எபியா வரிசையில் விசிறியே இல்லாத ஒரு போர்டின் வேகம் வெறும் 533 மெகாஹெர்ட்ஸ். கணக்குப் போட்டுப் பார்த்தால் மட்டமான சரக்கு. ஆனால் அடுத்து வந்த போர்டுகளில் டி.வி.டி. வீடியோவை விரிக்கும் வேலையை ஒரு தனிச் சில்லு சுமந்தது. அதனால் மெதுவான ப்ராசஸரே படம் காட்டப் போதுமானதாக இருந்தது. சத்தமில்லாத கணினிக்கு வழி அங்கேதான் கிடைத்தது.

அந்த வழியை மறந்தவர்கள் அடிபட்டார்கள். 2008-ல் இன்டெல் 'ஆட்டம்' ப்ராசஸரைக் கொண்டு வந்தது. ஆட்டம் 230-ன் வெப்பம் 4 வாட் மட்டுமே. ஆனால் அதோடு கொடுத்த பழைய சிப்செட்டின் வெப்பம் 22 வாட். விளைவு? இன்டெல்லின் சொந்த போர்டிலேயே ப்ராசஸர் விசிறி இல்லாமல் சும்மா இருந்தது, சிப்செட் தலையில் விசிறி சுற்றியது! ஹை டெஃபனிஷன் படம் போட்டால் திணறியது. என்விடியா தனது 'அயான்' சில்லை ஆட்டத்தோடு சேர்த்த பிறகுதான் 2009-ல் அந்தக் குறை தீர்ந்தது.

2012 பிப்ரவரியில் இங்கிலாந்திலிருந்து ராஸ்பெர்ரி பை வந்தது. விலை 35 டாலர், வேகம் 700 மெகாஹெர்ட்ஸ், மின்சாரம் நாலு வாட்டுக்குள். விசிறி இல்லை. ஆனாலும் முழு ஹை டெஃபனிஷன் படம் தடுமாறாமல் ஓடியது. காரணம் அதே பழைய வியா தந்திரம்: வீடியோவுக்கென்று தனிப் பகுதி. அதே சமயம், பழைய டி.வி.டி. வடிவத்துக்கான உரிமத்தைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. எந்த வடிவத்துக்குச் சில்லில் இடமிருக்கிறதோ அந்த வடிவம்தான் ஓடும்.

2023-ல் வந்த இன்டெல் என்100 இந்தக் கதையின் பலன். 6 வாட் ப்ராசஸர். ஹெச்.265 வீடியோவைத் தனிப் பகுதியே விரித்துக் கொடுக்கும். விசிறி இல்லாத பெட்டிகளிலும் கிடைக்கிறது.

இப்போது ஒரு சின்ன வணிகவியல் கணக்கு. சராசரியாக 80 வாட் இழுக்கும் பழைய மேஜைக் கணினியை வருடம் முழுக்க ஓட விட்டால் சுமார் 700 யூனிட். 10 வாட் இழுக்கும் குட்டிப் பெட்டிக்குச் சுமார் 88 யூனிட். வித்தியாசம் 600 யூனிட்டுக்கு மேல். விலைச்சீட்டில் இந்தத் தொகை இருக்காது, ஒவ்வொரு கரண்ட் பில்லிலும் வரும். சத்தமும் பில்லும் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. வாட் குறைந்தால் இரண்டும் குறையும்.

ஆக, வாங்கும்போது கேட்க வேண்டியவை மூன்று. சும்மா இருக்கும்போது எத்தனை வாட்? வீட்டில் உள்ள படங்களின் வடிவத்தைச் சில்லே விரிக்குமா? சுற்றும் ஹார்ட் டிஸ்க்கா, சத்தமே இல்லாத எஸ்.எஸ்.டி.யா? கிகாஹெர்ட்ஸ் இதற்கெல்லாம் பிறகுதான்.

வாங்கிய பிறகு ஒன்று. விசிறி இல்லை என்ற தைரியத்தில் பெட்டியை டி.வி. அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடக் கூடாது. விசிறி போனாலும் வெப்பம் போகவில்லை, அதற்குக் காற்று வேண்டும். ஆப்பிள் III-ல் நடந்த தவறும் இதுதான். விசிறியை எடுத்தார்கள், வெப்பத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.