தொய்வு நோயும் நுண்ணுயிர்க்கொல்லிகளும்

தொய்வு நோய்க்கும் கிருமித்தொற்றுக்கும் உள்ள தொடர்பு பற்றிய வாதம் ஒரு நூற்றாண்டைக் கடந்தது. 1918 இல் பொஸ்ரன் நகர வைத்தியர் பிரான்சிஸ் ராக்கெமன் இந்நோயை இருவகைப்படுத்தினார். மகரந்தம், தூசு முதலிய புறப்பொருள்களால் எழுவது ஒன்று. உடலின் அகத்தே தோன்றுவது மற்றையது. பின்னையதற்குத் தொற்றே காரணமெனக் கருதப்பட்டமையால் நோயாளர் பலர் பற்களையும் ரொன்சில்களையும் இழந்தனர்; பற்றீரியாத் தடுப்பூசிகளும் ஏற்றப்பட்டன. பயன் சிறிதே.

நுண்ணுயிர்க்கொல்லிகளின் காலம் பிறந்தபின் இக்கருத்துப் புத்துயிர் பெற்றது. 1950களின் இறுதியில் துரோலியாண்டோமைசின் என்னும் மருந்து நாட்பட்ட தொய்வினர்க்கு வழங்கப்பட்டது. அவருட் பலர் தேறினர். அவர்கள் உட்கொண்ட ஸ்ரெரோயிட் மருந்தின் அளவையும் குறைக்க முடிந்தது. கிருமி ஒழிந்தது, நோய் தணிந்தது என முடிவுகட்டுதல் எளிது. ஆயின் 1980 இல் வெளிவந்த ஆய்வொன்று வேறொரு விளக்கத்துக்கு வழிவகுத்தது. மெதயில்பிரெட்னிசொலோன் என்னும் ஸ்ரெரோயிட் உடலினின்று நீங்குவதை இம்மருந்து தாமதப்படுத்துகின்றது. எனவே சிறிதளவு உட்கொள்ளினும் அது குருதியில் நெடுநேரம் நிற்கும். புகழ் பெற்றது ஒரு மருந்து. குணந் தந்தது பெரும்பாலும் மற்றொன்று! மருந்து பலித்தமையை நோய்க்காரணத்துக்குச் சான்றாகக் கொள்ளும் வழு வைத்திய வரலாற்றிற் புதிதன்று.

1982 இல், வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட தொய்வினர்க்கு அமொக்சிசிலின் கொடுத்து நடத்திய பரிசோதனையிற் பயன் தென்படவில்லை. 1995 இல் இங்கிலாந்துச் சிறார்களிடை நிகழ்ந்த ஆய்வு இதனை விளங்கிக்கொள்ள உதவுகின்றது. நோய் முற்றிய வேளைகளுள் நூற்றுக்கு எண்பதளவில் வைரசுத் தொற்றே காணப்பட்டது. வைரசை நுண்ணுயிர்க்கொல்லி தீண்டாது.

எனினும் 1991 இல் அமெரிக்கக் குடும்ப வைத்தியர் டேவிட் ஹானும் பிறரும் கிளமிடியா நியூமோனியே என்னும் பற்றீரியாவுக்கும், வளர்ந்தபின் தோன்றும் தொய்வுக்கும் தொடர்பு காட்டியிருந்தனர். இரைப்பைப் புண்ணுக்குப் பற்றீரியா காரணமென அவுஸ்திரேலியர் இருவர் கூறியதை உலகம் முதலில் நம்பவில்லை என்பதை நினைவிற்கொள்வோர் ஹானின் கருத்தையும் நகைத்தொதுக்கார்.

அண்மைப் பரிசோதனைகள் இரண்டும் முரண்படுவனபோலத் தோன்றும். 2016 இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், நோய் திடீரென முற்றிய வேளையில் ஈயப்பட்ட அசித்திரோமைசின் பயன் தரவில்லை. அவ்வாய்வுக்கெனப் பரிசீலிக்கப்பட்ட 4,582 பேருட் சேர்க்கப்பட்டோர் 199 பேரே. ஏற்கெனவே நுண்ணுயிர்க்கொல்லி பெற்றிருந்தமையால் மட்டும் 2,000 பேருக்கு மேல் விலக்கப்பட்டனர். அறிவுரை ஒருபுறமிருக்க, வழக்கம் எத்துணை வலிது! 2017 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வில் அதே மருந்தை 420 பேருட் பாதிப்பேர் 48 வாரங்கள் உட்கொண்டனர். நோய் முற்றுதல் ஒருவருக்கு ஆண்டுக்கு 1.07 தடவை, போலிமருந்து பெற்றோரிடை அது 1.86. கிருமியை அடக்கியா, அழற்சியைத் தணித்தா இப்பயன் விளைந்தது என்னும் வினா எஞ்சுகின்றது. நெடுங்காலம் உட்கொள்ளின் மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்கள் பெருகும் என்னும் அச்சமும் உடன் நிற்கின்றது.