ஐம்பது டாலருக்கு ஒரு நகரம்

1839 நவம்பரில், அமெரிக்கத் தூதராக மத்திய அமெரிக்காவுக்குப் போயிருந்த ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ், ஓவியர் ஃப்ரெடரிக் கேதர்வுட்டுடன் ஹோண்டுராஸின் கோபான் காட்டுக்குள் நுழைந்தார். வேர்கள் பின்னிக்கிடந்த கற்றூண்களில் அரசர்களின் உருவங்கள். அவற்றின் பக்கங்களில் அன்று எவருக்கும் வாசிக்கத் தெரியாத மாயன் எழுத்துகள். நிலம் அசெவேடோ என்பவர் வசம் இருந்தது. ஸ்டீபன்ஸ் தமது தூதரகக் கோட்டை மாட்டிக்கொண்டு பேரம் பேசி, ஐம்பது டாலருக்கு இடிபாடுகளை வாங்கிவிட்டார். விற்றவர் தம்மை முட்டாளாகத்தான் எண்ணியிருப்பார் என்று பின்னாளில் அவரே எழுதினார்.

மாயன் அகழாய்வுக்காகச் செலவிடப்பட்ட தொடக்ககாலப் பணங்களில் ஒன்று இது. நோக்கமோ பாதுகாப்பு அல்ல. சிலைகளைப் பெயர்த்து நியூயார்க்கில் அருங்காட்சியகம் அமைப்பது. கோபானில் அது கைகூடவில்லை. உஷ்மாலிலிருந்து கொண்டுபோன எழுத்துப் பொறித்த மர உத்தரமோ, 1842இல் கேதர்வுட்டின் நியூயார்க் காட்சிக்கூடம் தீப்பற்றியபோது சாம்பலாயிற்று. காட்டில் பல நூற்றாண்டுகள் மழையைத் தாங்கிய மரம் அது!

1891இல் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகம் கோபானுக்கு வந்தது. கண்டெடுப்பவற்றில் பாதி அவர்களுக்கு என்பது அரசுடன் செய்த ஒப்பந்தம். அந்தக் குழுவின் இளைஞர் ஜான் ஓவன்ஸ் 1893இல் காய்ச்சலில் இறந்து, இடிபாடுகளுக்கு நடுவிலேயே புதைக்கப்பட்டார். பணத்தைப் பற்றிப் பேசும்போது இத்தகைய கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

கோபானின் எழுத்துப் படிக்கட்டு எட்டாம் நூற்றாண்டினது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துருக்கள் கொண்ட இதைவிட நீண்ட மாயன் கல்வெட்டு கிடைத்ததில்லை. 738இல் கிரிகுவா அரசனிடம் பிடிபட்டுத் தலையிழந்த அரசனின் வாரிசுகள், தம் பரம்பரையின் பெருமையை மறுபடி நிலைநாட்ட அதை நிறைவு செய்தார்கள். பிற்காலத்தில் சரிந்து, கீழ்ப்படிகள் சிலவே தம் இடத்தில் எஞ்சின. 1930களில் வாஷிங்டனின் கார்னெகி நிறுவனம் தாராளமாகச் செலவழித்து அதை மீண்டும் எழுப்பியது. மேட்டை அரித்துக்கொண்டிருந்த ஆற்றையும் திசைதிருப்பியது. ஆற்றைத் திருப்பியது பெரும் உதவி. படிக்கட்டில்தான் வினை. எழுத்தைப் படிக்க அப்போது யாருக்கும் தெரியாததால், சரிந்த கற்களில் பெரும்பகுதி வரிசை மாறி அடுக்கப்பட்டுவிட்டது. யூரி க்னோரொசொவின் திறவுகோல் வெளிவந்தது 1952இல்தான்.

அவசரப்பட்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் கொடையாளருக்குக் கண்ணில் படும்படி ஏதாவது காட்டியாக வேண்டும். எழுந்து நிற்கும் படிக்கட்டு காட்டத்தக்கது, வடிகால் அப்படியல்ல. இப்போது அந்தப் படிகளை வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் காப்பது ஒரு துணிக்கூரை. அதன் கீழே, பழைய புகைப்படங்களையும் முப்பரிமாண ஸ்கேன்களையும் வைத்துக்கொண்டு அறிஞர்கள் கல் கல்லாக வரிசையைத் தேடிவருகிறார்கள்.